வேட்டை ரிவால்வருக்கு .44 போதும்

அமெரிக்காவில் ரைஃபிளைத் தொடாமல், வெறும் ரிவால்வரோடு எல்க் மான், மூஸ், கரடி என்று வேட்டைக்குக் கிளம்பும் ஆட்கள் நிறைய உண்டு. இவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றுதான். பெரிய விலங்குக்கு எந்தத் தோட்டா?

கொஞ்சம் பழைய கதை. ஐடஹோ மாநிலத்தில் கால்நடைப் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் என்பவர், .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுச் சுட்டுப் பார்த்தார். கம்பெனிகளையும் விடாமல் நச்சரித்தார். அதன் பலனாக 1955-ல் வந்ததுதான் .44 மேக்னம். (குண்டின் விட்டம் உண்மையில் 0.429 அங்குலம்தான். பெயர் வைத்ததில் கொஞ்சம் தாராளம்.) 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படம் வந்து இதை உலகப் புகழாக்கியது. உலகிலேயே சக்திவாய்ந்த கைத்துப்பாக்கி என்று படத்தில் பெருமை பேசுவார்கள். ஆனால் அதைவிட வலுவான .454 கசுல் 1950களின் கடைசியிலேயே உருவாகிவிட்டது, கடைக்கு வரத்தான் 1983 ஆனது! பிறகு 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500 மேக்னத்தை இறக்கியது. .44 தோட்டா சுமார் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் தரும் என்றால், இது 2,500 வரை போகும்.

அப்படியானால் .500 வாங்க வேண்டியதுதானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ரிவால்வர் குண்டு ரைஃபிள் குண்டின் வேகத்தில் போவதில்லை. வேகத்தால் சதையைச் சிதைப்பது அதன் வேலையும் இல்லை. துளை போட வேண்டும், அந்தத் துளை இதயத்தையோ நுரையீரலையோ கடந்து போக வேண்டும், அவ்வளவுதான். பக்கவாட்டில் நிற்கும் எல்க்கின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) எடையில் தட்டை மூக்கு வைத்து வார்த்த கெட்டி ஈயக்குண்டை .44-ல் சுட்டால், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடும். அப்படி வெளியே போன குண்டுக்கு மிச்ச ஆற்றல் எவ்வளவு இருந்தால் என்ன? அது பின்னால் இருக்கும் மரத்துக்குத்தான் உபயோகம். பொருளாதாரப் பாடத்தில் வரும் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

செலவுப் பக்கமும் இருக்கிறதே. நீளக் குழல் வைத்த .500 ரிவால்வர் இரண்டு கிலோ எடை, ஐந்து தோட்டாதான் பிடிக்கும். உதைப்போ மணிக்கட்டைப் பதம் பார்க்கும். தோட்டா ஒன்றுக்கே இரண்டு மூன்று டாலர் ஆவதால் யாரும் மனம்விட்டுப் பழகுவதில்லை. பத்துத் தடவை அந்த உதையை வாங்கிய கை, பதினோராவது தடவை விசையை இழுக்கும்போது தானாகவே வெடுக்கென்று ஆடும், கண்ணும் மூடிக்கொள்ளும். ஐம்பது கஜத்தில் அந்தச் சின்ன ஆட்டமே குறியை ஓர் அடி தள்ளிவிடும். நுரையீரலுக்கு வைத்த குறி குடலில் போய்ப் படும். குடலில் அடிபட்ட எல்க் அங்கேயே விழாது. மணிக்கணக்கில் நடந்து எங்கோ ஒரு புதருக்குள் போய்ச் சாகும். சுட்டவர் இருட்டில் டார்ச் அடித்து ரத்தத்துளி தேடிக்கொண்டிருப்பார், பல நேரம் கிடைக்காமலே வீட்டுக்குப் போவார். கையில் இருந்தது எத்தனை பெரிய தோட்டா என்பது அந்த விலங்குக்கு எந்த ஆறுதலும் தராது.

.44-ல் இன்னொரு வசதி, அதே துப்பாக்கியில் உதைப்புக் குறைந்த .44 ஸ்பெஷல் போட்டு வருஷம் முழுக்கப் பழகலாம். .454 கசுலிலும் இந்த வசதி உண்டு, 1873-ல் வந்த பழைய .45 கோல்ட் தோட்டா அதில் பொருந்தும். அதனால் .44 நன்றாகக் கைக்கு வந்த பிறகும் அலாஸ்காவின் பழுப்புக் கரடிதான் இலக்கு என்பவர், .500-க்குத் தாவாமல் .454-க்குப் போவது புத்திசாலித்தனம்.

மற்றவர்கள் ஐம்பது கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, .44-ல் ஆறு தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கட்டும். ஆறும் தட்டில் விழவில்லையென்றால் காட்டில் இன்னும் கிட்டப்போய்ச் சுட வேண்டும். கிட்டப்போக முடியாத நாளில் சுடாமல் திரும்பிவிட வேண்டும்.