எண்ணப்படாத பிரயாணிகள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயின், நெடுஞ்சாலையிலே நாள்தோறும் ஓடும் பஸ் வண்டிகளில் எத்தனை பேர் செல்கின்றனர் என்பதை அளப்பது எவ்வாறு? எளிதாகத் தோன்றும் இவ்வினா, ஆராயப் புகுந்தால் அத்துணை எளிதன்று. எஹலியகொட மக்களாகிய நமக்கு இது வெறுங் கணக்குமன்று. பிள்ளைகள் மணியடிக்குமுன் பாடசாலை சேர்வதும், தோட்டத்துப் பெண்கள் வெளியூர் வேலைக்கு நேரத்திற்குச் செல்வதும் இதனைப் பொறுத்தனவே.

கொழும்பிலிருந்து ஹைலெவல் வீதியாய் நுகேகொடை, மஹரகம, ஹோமாகம, அவிசாவளை ஆகிய ஊர்களைக் கடந்து வரும் ஏ-4 நெடுஞ்சாலை, நம் ஊரினூடாக இரத்தினபுரி நோக்கிச் செல்கிறது. 1912 இல் இரத்தினபுரி வரை நீடிக்கப்பெற்ற களனிவெளிப் புகையிரதப் பாதை, அவிசாவளைக்கு அப்பால் 1970 களில் மூடப்பட்டது. அதன் பின்னர் இப்பக்கத்தார்க்குப் பஸ்ஸே கதி.

பிரயாணிகளை எண்ணும் வழிகளுள் முதலாவது, விற்ற சீட்டுகளை எண்ணுதல். 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது, சீட்டுக் கணக்கு முழுவதும் ஒரே கையில் இருந்தது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் இடம்பெறவே கணக்குப் பல கைகளுக்குப் போயிற்று. நாளொன்றுக்கு இவ்வளவு என்று உரிமையாளரிடம் கட்டிவிட்டு, மிகுதியைத் தாம் எடுத்துக்கொள்ளும் வழக்கமுள்ள வண்டிகளிலே, ஒவ்வொருவருக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுக்கக் கொண்டக்டருக்கு என்ன அவசரம்? மாதத்துக்கு ஒருமுறை பருவச்சீட்டு வாங்கும் மாணவனும் அன்றாடச் சீட்டுக் கணக்கிலே தோன்றமாட்டான்.

இரண்டாவது வழி, பஸ்ஸினுள் அமர்ந்து தரிப்பிடந்தோறும் ஏறுவோரையும் இறங்குவோரையும் குறித்தல். திருத்தமான முறைதான், ஆனால் ஆட்செலவு மிகுதி. மூன்றாவது, வீதியோரம் நின்று கடந்து செல்லும் வண்டியைக் கண்ணால் மதிப்பிடல். ஆசனங்கள் பாதி நிரம்பினவா, முற்றும் நிரம்பினவா, நிற்போர் உளரா, மிதிபலகையிலும் தொங்குகின்றனரா என்று தரம் பிரித்துத் தொகை காண்பர்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. நம் ஊரில் ஏறி, அவிசாவளையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து ஹோமாகமைக்குச் செல்லும் ஒருத்தி, ஏறியோர் கணக்கிலே இருவராகிறாள். ஏற்றங்களின் தொகை வேறு, ஆட்களின் தொகை வேறு. இதனை மறந்தால், பஸ் மாறி அலைய நேர்ந்த துன்பமே சேவையின் வளர்ச்சிபோலத் தோன்றிவிடும்.

ஜப்பானிய ஜய்க்கா நிறுவனத்தின் உதவியுடன் நடைபெற்று 2014 இல் நிறைவெய்திய கொழும்புப் பெருநகரப் போக்குவரத்து ஆய்வு, ஹைலெவல் வீதியை ஏழு பெரு மார்க்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அதன் ஆய்வெல்லை மேல் மாகாணம். அவிசாவளை அதனுள் அடங்கும். சப்பிரகமுவையைச் சேர்ந்த எஹலியகொட அடங்காது. எல்லைக்கு அப்பாலிருந்து வருவோர் இத்தகைய ஆய்வுகளில் எல்லையைக் கடந்த தலைகளாக எண்ணப்படுவதே இயல்பு. எவ்வளவு தூரம் நடந்து வந்து பஸ் ஏறினர் என்பதை அத்தொகை சொல்லாது.

இம்முறைகள் யாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இவை பஸ்ஸில் ஏறியவரையே எண்ணுகின்றன. இலண்டன் மாநகரிலே பஸ் ஏறுவோர் அட்டையை இயந்திரத்திலே தொடுகின்றனர். அவ்வியந்திரமும் ஏறியவரை மாத்திரமே அறியும். இறப்பர் மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து, நிரம்பிய பஸ்கள் நிறுத்தாது போக, வீதியோரம் நிற்கும் பிள்ளையை எந்தச் சீட்டு எண்ணும்? ஏற இடமில்லாமையால் ஏறுவோர் குறைவு. ஏறுவோர் குறைவென்பதால் மேலதிக பஸ் தேவையில்லை. இவ்வாறு, குறையே குறைக்குச் சான்றாகிவிடுகிறது.

ஆதலின் நாம் சொல்வது ஒன்றே: சென்றவரோடு விடப்பட்டவரையும் எண்ணுதல் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. உயர்வகுப்பு மாணவர் சிலர், பெரியோர் ஒருவர் துணையுடன், ஒரு வாரம் காலை ஆறு மணி முதல் ஏழரை மணி வரை தரிப்பிடத்தில் நின்று நான்கு செய்திகளைக் குறித்தாற் போதும்: பஸ் வந்த நேரம், நின்றதா இல்லையா, ஏறியவர் எத்தனை பேர், ஏற முடியாது நின்றவர் எத்தனை பேர். ஒரே ஆளை இரு பஸ்களுக்கும் விடுபட்டவராக எழுதிக் கூட்டிவிடாது, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்பதையும் சேர்த்தால் கணக்குச் செம்மையுறும்.

மாகாணத்தினுள் ஓடும் தனியார் பஸ்களுக்கு மாகாண அதிகாரசபையும், மாகாண எல்லை கடப்பவற்றுக்கு 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் பொறுப்பாகும். அவிசாவளை செல்லும் பஸ் எல்லை கடப்பது. இரத்தினபுரி செல்வது கடவாதது. உரியவரிடம் உரிய கணக்கைச் சமர்ப்பித்தல் வேண்டும். “பஸ் போதாது” என்னும் முறைப்பாட்டுக்கு மறுமொழி சொல்வது எளிது. நாளும் நேரமும் தொகையும் குறித்த ஏட்டை அவ்வாறு ஒதுக்கிவிடுதல் அரிது. பெற்றோரே, இவ்வாரமே ஓர் அப்பியாசக் கொப்பியை இதற்கென ஒதுக்குங்கள்.