கப்பலேறிப் போன குடியானவர்களின் சபை

வாசிப்பு வட்டம் ஒன்றில் தரங்கம்பாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1706இல் டென்மார்க் ராஜா அனுப்பி சீகன்பால்கு வந்து இறங்கினது, அச்சுக்கூடம் போட்டது, பைபிளைத் தமிழில் கொண்டுவந்தது என்று வழக்கமான பட்டியலை நான் ஒப்பித்து முடித்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி எழுந்தான். "அண்ணே, டேனிஷ்காரன் நமக்குச் சபை கட்டுனான், சரி. அவன் ஊர்ல பண்ணையார் இல்லியா, அடிமை இல்லியா? அவன் ஊரு ஏழைக்குச் சபை என்ன பண்ணுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. லுத்தரன் சேரியில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, பிறகு சபையோடு சண்டை போட்டு வெளியே வந்தவன் நான். வெள்ளைக்காரன் என்றாலே துரை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருக்கிறேன். துரைகளின் நாட்டில் துரை அல்லாதவன் எப்படி வாழ்ந்தான் என்று யோசித்ததே இல்லை. அந்தத் தம்பி கேட்டதற்காகப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1733ஆம் வருசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருசம் டென்மார்க்கில் ஆறாம் கிறிஸ்டியன் ராஜா ஒரு சட்டம் போட்டான். குடியானவன் வீட்டு ஆம்பளைகள் பிறந்த பண்ணையை விட்டு நகரக்கூடாது. பண்ணையாருக்கு ஆள் வேணும், ராஜாவுக்குப் படை வேணும், அதனால் நீ இங்கேயே கிட. 1788 வரைக்கும் இந்தக் கட்டு இருந்தது. அதே 1733இல், அதே ராஜாவுக்குச் சொந்தமான கரீபியத் தீவான செயின்ட் ஜானில் கரும்புத் தோட்டத்து ஆப்பிரிக்க அடிமைகள் கலகம் செய்தார்கள். மாதக்கணக்கில் தீவின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் படையைக் கூப்பிட்டுத்தான் அடக்க முடிந்தது. அதே 1733 டிசம்பரில், அதே ராஜாவின் தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். தமிழ் லுத்தரன் சபையின் முதல் தமிழ்க் குரு. வெள்ளாளர்.

ஒரே கொடி, ஒரே ராஜா, ஒரே ஞானஸ்நானம். ஆனா கோபன்ஹேகன் பக்கத்துக் குடியானவன் பண்ணையில் கட்டப்பட்டான், கரீபியன் அடிமை கரும்பில் கட்டப்பட்டான், தரங்கம்பாடிப் பறையன் சாதியில் கட்டப்பட்டான். அவன் கட்டை மட்டும் சபையே கூடச் சேர்ந்து முடிச்சுப் போட்டது. இராசநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் சிப்பாய், பறையர். புதிய ஏற்பாட்டைத் தானே வாசித்து இந்தச் சபைக்கு வந்தவர். அடி உதைக்கு நடுவே தஞ்சைச் சீமையில் ஆள் சேர்த்தவர். அடுத்த குருவை நியமிக்கும் பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. பறையர் கையால் சூத்திரக் கிறிஸ்தவர்கள் ராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். இந்தக் கதை நம்மில் சிலருக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது பண்ணையில் கட்டப்பட்ட குடியானவன் கதைதான்.

1788இல் கட்டு அவிழ்ந்ததே ஒழிய நிலம் வரவில்லை. குடிசையும் அரைக்காணியும் வைத்துக்கொண்டு பெரிய விவசாயியிடம் கூலிக்குப் போகும் கூட்டம் பெருகியது. 1864 போரில் தெற்கு மாகாணங்களைப் பிரஷ்யா பிடித்துக்கொண்டது. அங்கிருந்த டேனிஷ்காரர்கள் ஜெர்மன் ராணுவத்தில் சேர வேண்டிய நிலை வந்தது. இதையெல்லாம் சகிக்காமல், முதல் உலகப் போருக்கு முன்னால் ஏறக்குறைய 3 லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கையில் ஒரு பெட்டி, அதில் ஒரு பாட்டுப் புத்தகம்.

போன இடத்தில் 1872இல் தங்களுக்கென்று ஒரு லுத்தரன் திருச்சபை அமைத்தார்கள். 1894இல் அது உடைந்தது. எதுக்காக உடைஞ்சதுன்னா, ஒரு பக்கம் மனந்திரும்பு, ஆடாதே, உலகத்தோடு ஒட்டாதே என்று சொன்ன உள்மிஷன்காரர்கள். இன்னொரு பக்கம் குருண்ட்விக் என்ற பாதிரியாரின் வழி வந்தவர்கள். குருண்ட்விக் (1783-1872) சொன்னதன் சாரம் இதுதான்: மனுசன் முதலில் மனுசனாக நிமிர வேண்டும், விசுவாசம் அதற்குப் பிறகு. லத்தீன் படித்தவனின் பள்ளிக்கூடம் குடியானவனைக் கூனிக்குறுக வைக்கிறது. அவனுக்குத் தன் தாய்மொழியில், தன் வரலாற்றைப் பேசும் பள்ளி வேண்டும். அதில் பரீட்சை கூடாது. 1844இல் முதல் மக்கள் உயர்பள்ளி டென்மார்க்கில் திறந்தது. உழுகிறவன் பிள்ளைகள் குளிர்காலத்தில் வந்து தங்கி, பாடி, வாதாடி, திரும்பி ஊருக்குப் போனார்கள். பின்னால் டென்மார்க்கில் பால்பண்ணைக் கூட்டுறவுகளை நடத்தியவர்களில் பலர் இந்தப் பள்ளிகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

இந்த வழி வந்தவர்கள் கட்டிய சபைகளில் ஒன்றைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் சாந்தா இனெஸ் பள்ளத்தாக்கு. நோர்டன்டோஃப்ட், கிரெகர்சன் என்ற இரண்டு பாதிரிமார், ஹோர்ன்சில்ட் என்ற ஆசிரியர், மூவரும் முன்னின்று ஒரு கம்பெனி அமைத்து, 1911 தொடக்கத்தில் ஏறக்குறைய 9,000 ஏக்கர் வாங்கினார்கள். சோல்வாங் என்று பெயர் வைத்தார்கள், வெயில் விழும் வயல் என்று அர்த்தம். ஐயோவா, நெப்ராஸ்கா பக்கம் குளிரில் கிடந்த டேனிஷ் விவசாயிகளுக்கு மனை மனையாக விற்றார்கள்.

முதலில் என்ன கட்டினார்கள் தெரியுமா? அதே 1911இல் மக்கள் உயர்பள்ளியைத் தொடங்கினார்கள். 1914இல் அதற்குப் பெரிய கட்டடம் எழும்பியது. 1912இல் பெத்தானியா என்ற பெயரில் சபை கூடியது. அந்தச் சபைக்குத் தனிக் கோயில் 1928இல்தான் வந்தது. பதினாறு வருசம் கோயில் இல்லாமல் சபை நடந்திருக்கிறது. நம்ம ஊரில் இது தலைகீழ். கோபுரத்துக்கு வசூல் முதலில், பிள்ளைகளுக்குப் படிப்பகம் கடைசியில். எனக்கு இந்த இடத்தில் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தக் கோயிலுக்குள் கூரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் பொம்மை தொங்குகிறது. டென்மார்க்கின் கடற்கரைக் கோயில்களில் உள்ள வழக்கம் அது. வந்த வழியை மறக்காதே என்பதாக நான் அதை வாசிக்கிறேன்.

சரி, தோழர்களே, இதோடு நிறுத்தினால் இது இன்னொரு மிஷனரி துதிப்பாட்டு ஆகிவிடும். கப்பல் எந்தக் கரையில் முட்டி நின்றது என்று கேட்க வேண்டாமா?

அந்தப் பள்ளத்தாக்கு சூமாஷ் மக்களுடையது. 1804இல் ஸ்பானியக் கத்தோலிக்கப் பாதிரிகள் அங்கே சாந்தா இனெஸ் மிஷனை நிறுவி, அந்த மக்களை ஞானஸ்நானம் கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். 1824 பிப்ரவரியில் ஒரு சூமாஷ் இளைஞனைச் சிப்பாய் அடித்தான். மிஷன் பற்றி எரிந்தது. கலகம் பக்கத்து மிஷன்களுக்கும் பரவியது. 1830களில் மிஷன் சொத்துகளை மெக்சிகோ அரசு கலைத்தபோது, பூர்வகுடிகளுக்குப் பங்கு என்று பேச்சு இருந்தது. நிலம் போய்ச் சேர்ந்ததோ பண்ணையார்களிடம். 1845இல் சான் கார்லோஸ் தெ ஹோனாத்தா என்ற பண்ணை இரண்டு பேருக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பண்ணை கை மாறிக் கை மாறி, அதில் ஒரு பகுதிதான் 1911இல் டேனிஷ்காரர்களிடம் வந்தது.

சூமாஷ் மக்களுக்கு? 1901இல் ஓடைக்கரையில் 99 ஏக்கர் ஒதுக்கீடு. பாதிரிமார் வாங்கியது 9,000. பத்திரம் சுத்தம், பணம் கொடுத்தார்கள், யாரையும் அடித்து விரட்டவில்லை. ஆனா விரட்டுகிற வேலையை முந்தியே வேறொருத்தன் செய்து முடித்திருந்தான். சுத்தமான பத்திரம் என்று ஒன்று இருக்கே, அதைப் பார்த்துப் பயப்படணும். அதில் ரத்தம் தெரியாது.

பண்ணையில் கட்டிப்போடப்பட்டவனின் பேரன் இவன். நிலமில்லாததால் நாட்டை விட்டு ஓடியவன். ஓடின இடத்தில் நிலம் கிடைத்ததும், இதில் முன்னால் யார் இருந்தான் என்ற கேள்வியை அவன் பள்ளிக்கூடத்தில் நடுவில் வைத்துப் பேசியிருக்க வேண்டாமா? கிளைமாக்ஸ் இதுதான்: 2010இல் சூமாஷ் மக்கள் தங்கள் கசினோ வருமானத்திலிருந்து அதே பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 1,400 ஏக்கரை விலை கொடுத்து வாங்கினார்கள். அதைத் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தோடு சேர்க்கக்கூடாது என்று சுற்றுவட்டாரக்காரர்கள் எதிர்த்தார்கள். வழக்கு, மனு, கூட்டம் எல்லாம் நடந்து, 2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. தன் நிலத்தைத் தானே காசு கொடுத்து வாங்கினாலும் ஊருக்கு ஆகாது. இது நமக்குத் தெரிந்த கதை இல்லையா?

சோல்வாங் இப்போது சுற்றுலா ஊர். 1947இல் ஒரு பெரிய பத்திரிகை அதைக் குட்டி டென்மார்க் என்று எழுதியது, காற்றாடி ஆலைகளும் பேக்கரிகளும் பெருகின. மக்கள் உயர்பள்ளிக் கட்டடத்தை 1970இல் இடித்துவிட்டார்கள். வெளி அலங்காரம் நின்றது, உள்ளே இருந்த நெருப்பு போய்விட்டது. அந்த நெருப்பு வேறெங்கோ பற்றியது. மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளைக்கார இளைஞர் 1931இல் டென்மார்க் போய் இந்தப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, 1932இல் டென்னசியில் ஹைலேண்டர் பள்ளியைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டுப் படித்த இடம். 1955 கோடையில் அங்கே பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ். அந்த வருசம் டிசம்பர் 1ஆம் தேதி அவர் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார். ஹைலேண்டர் ஒரு சபை இல்லை. ஆனா பெத்தானியா சபை முதலில் கட்டிய பள்ளியும் இதுவும் ஒரே விதையில் முளைத்தவை.

தம்பியின் கேள்விக்கு என் பதில் இது. சபை அவன் ஊரு ஏழைக்குத் தானாக ஒன்றும் பண்ணவில்லை. ராஜாவின் சபை பண்ணையாரோடு இருந்தது. குடியானவன் அந்தச் சபையைத் தன் பக்கம் இழுத்தான், தன் மொழியில் பாடினான், பள்ளிக்கூடம் கட்டினான். அது நமக்குப் பாடம். நிலம் கிடைத்ததும் அடுத்தவன் நிலம் என்பதை மறந்தான். அதுவும் நமக்குப் பாடம்தான்.

இங்கேயும் ஒரு பெத்தானியா உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி லைப்சிக் மிஷனில் இருந்தார். சபைக்குள் சாதியை விட்டுவைக்கும் அதன் போக்கை ஏற்காமல் வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் கடலூர் பக்கத்துப் பட்டாம்பாக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு நிலையம் அமைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது, பின்னால் அதுவே ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. சாதியை மறுத்துப் பிறந்த ஒரு சபை நம் கையில் இருந்திருக்கிறது. அதன் பிள்ளைகளுக்கு இந்தப் பிறப்புக் கதையை யாராவது சொல்கிறோமா? கல்யாணப் பேச்சு எடுக்கும்போது அங்கே சாதி கேட்கிறார்களா, இல்லையா? கேட்டால் என்ன அர்த்தம்?

சபைக்குள் இருக்கிற தோழர்கள் வெளியே வந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வந்தேன், அது என் வழி. உள்ளே இருக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த பண்டிகை வசூலைக் கோபுரத்துக்குக் கொடுக்காமல், கோயில் திண்ணையில் ஒரு குளிர்காலப் பள்ளி நடத்துங்கள். பரீட்சை வேண்டாம். இராசநாயக்கன் கதையிலிருந்து தொடங்குங்கள்.