"சின்னப் பிள்ளை" என்று சொல்லாதீர்கள்

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. சாரதிகள் இருவரைப் பொலிஸார் கைது செய்தார்கள். வேகமாக ஓட்டுவதற்கென்றே அமைத்த திடலில்கூட ஓட்டியவர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் பசறை வீதியில் அப்படியில்லை. போன வருடம் என் மாமி மகன், என் வயதுக்காரன், லைசன் இல்லாமல் மாமாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்காவை மோதிவிட்டான். அவருடைய கால் முறிந்தது. அன்றிரவே பெரியவர்கள் பேசி, காசு கொடுத்து, விஷயத்தை முடித்துவிட்டார்கள். "சின்னப் பிள்ளை, பரீட்சை வேறு வருகிறது" என்றார்கள். "எல்லாம் கழா கத்ர்" என்றும் சொன்னார்கள். வளைவில் அவன் வேகத்தைக் கூட்டியதும் கத்ர்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

பருவ வயது வந்ததும் தொழுகையும் நோன்பும் கடமை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களும் இவர்கள்தான். அல்லாஹ்விடம் பதில் சொல்லும் வயது வந்துவிட்டவனுக்குப் பொலிஸில் பதில் சொல்லும் வயது மட்டும் வரவில்லையா?

சிறைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. முறைப்பாடு பதியப்படட்டும். சாவியைக் கண்ட இடத்தில் வைத்த பெரியவரும் அவன் பக்கத்தில் நிற்கட்டும். அதற்கு முதல், அந்த லயத்துக்குப் போய் அக்காவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும்.

காசு கொடுக்க மாமாதான் போனார். அவன் இன்னும் போகவில்லை.