தவளை முட்டை வெடித்த கதை



முதுகலை விலங்கியலும் உயிர்வேதியியலும் படிக்கும் வாசகர்கள் ஆண்டுதோறும் கேட்பது இது: "ஆய்வுக்கு எந்தப் பேராசிரியரிடம் சேரலாம்?" துறைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆய்வு ஆர்வம்' என்று ஒரு வரி இருக்கும். செல் சவ்வுப் புரதங்கள், அயனிப் போக்குவரத்து என்று வாயில் நுழையாத சங்கதிகள். அந்த வரியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். பீட்டர் ஆக்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரத்தநோய் மருத்துவரான அவர், 1980-களில் ஆராய்ந்தது ஆர்எச் ரத்த வகைப் புரதத்தை. சிவப்பணுச் சவ்விலிருந்து அதைப் பிரித்தபோது, கூடவே வேறொரு சின்னப் புரதமும் வந்தது. கசடு என்று கழித்துவிட்டிருக்கலாம். ஆனால் அது ஏராளமாக இருந்தது. சிறுநீரகக் குழாய்களிலும் இருந்தது. இவ்வளவையும் உடல் சும்மாவா செய்து வைக்கும்? நெடுநாளாகத் தேடப்படும் தண்ணீர் வாசல் இதுவாக இருக்குமோ என்று கேட்டார் சக ஆய்வாளர் ஜான் பார்க்கர்.

ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் தண்ணீர் லேசில் புகாது. அந்தப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைச் சில முட்டைகளில் ஊசியால் செலுத்தி, உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். அவை உப்பின, சில நிமிடங்களில் வெடித்தன. ஆர்.என்.ஏ. செலுத்தாத முட்டைகளோ அசையாமல் கிடந்தன. 1992-இல் வெளியான இந்தச் சோதனைதான் அக்வாபோரின் என்ற அந்தத் தண்ணீர் வாசலை உலகுக்குக் காட்டியது. 2003-இல் ஆக்ரேக்கு வேதியியல் நோபல், அயனி வாசல்களை ஆராய்ந்த ராடரிக் மெக்கின்னனோடு பகிர்ந்து கிடைத்தது.

எனக்குப் பிடித்தது சிறுநீரகத்தில் நடக்கும் வேலை. நாளொன்றுக்கு ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகிறது. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் போல. மீதி ரத்தத்துக்கே திரும்புகிறது, பெரும்பகுதி அக்வாபோரின் வழியாக. உடலில் நீர் குறைந்தால் மூளையடிச் சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்பும். உடனே, செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும் அக்வாபோரின்-2 என்ற வகை சவ்வுக்கு வந்து பதிந்து தண்ணீரை மீட்கும். அக்னி நட்சத்திரத்தில் சிறுநீர் அடர்மஞ்சளாவது இதனால்தான். இந்த அக்வாபோரின்-2 பிறவியிலேயே பழுதானவர்களுக்கு நாள் முழுக்கத் தாகம், லிட்டர் லிட்டராகச் சிறுநீர்.

இத்தனையும் தெரியவந்தது, ஆக்ரே தேடாமல் வந்து சேர்ந்த ஒரு புரதத்தால். ஆகவே பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது ஆர்வம் என்னவென்று கேட்காதீர்கள். அதுதான் பட்டியலிலேயே இருக்கிறதே. "உங்கள் ஆய்வகத்தில் தேடாமல் வந்து சேர்ந்து, இன்னும் பிடிபடாதது எது?" என்று கேளுங்கள். சுவையான பதில் கிடைத்தால் எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்