பீதி வேண்டாம் என்றால் போதாது. முழு விவரத்தையும் சொல்லுங்கள்

எந்த நோய் தலைகாட்டினாலும், முதல் நாள் வெளியாகும் அரசு அறிக்கையில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: நிலைமை கட்டுக்குள் உள்ளது, மக்கள் பீதியடையத் தேவையில்லை. டெங்கு, நிபா, பறவைக் காய்ச்சல் என நோயின் பெயர்தான் மாறும். எழுதுபவரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால், அதைப் படிப்பவருக்குத் தன் வீட்டுக்கு எவ்வளவு ஆபத்து, எதைத் தவிர்க்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற விவரம் எதுவும் கிடைப்பதில்லை. தெரிந்தது எது, இன்னும் தெரியாதது எது என்பதை எண்ணிக்கையோடு சொல்வதும் சிகிச்சையைப் போலவே பொதுச் சுகாதாரத் துறையின் வேலை. அதைச் செய்யாமல் ஆறுதல் மட்டும் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு, பிரிட்டனில் பரவிய ‘மேட் கவ்’ நோயின் கதை சாட்சி.

மாட்டின் மூளையைப் பஞ்சுபோல் துளைத்துவிடும் அந்த நோய் 1986 நவம்பரில் அங்கே அடையாளம் காணப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலந்ததால் அது பரவியது. மனிதருக்கும் வருமா என்று ஆராய்ந்த ரிச்சர்ட் சவுத்வுட் குழு, 1989 பிப்ரவரியில் தந்த அறிக்கையில் இரண்டு செய்திகளைச் சொன்னது: மனிதருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால், இந்தக் கணிப்பு தவறாகிவிட்டால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும். அமைச்சர்கள் முதல் செய்தியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இரண்டாவது மறக்கப்பட்டது. 1990 மே மாதம் ஒரு வீட்டுப் பூனைக்கு இதே வகை நோய் வந்தது தெரிந்து மக்கள் கலங்கியபோது, வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளிடம் மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். வெளியே தெரியவே பல ஆண்டுகள் பிடிக்கும் நோய் இது. மனிதர் யாருக்கும் இன்னும் வரவில்லை என்பதை, வராது என்பதற்கான உத்தரவாதமாக அரசு எடுத்துக்கொண்டதுதான் பிழை.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, புதிய வகை மூளை நோய் 10 பேருக்கு வந்திருப்பதாகவும், மாட்டு நோயே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்றும் அறிவித்தார். பிரிட்டனில் மட்டும் மொத்தம் 178 பேர் அந்த நோயால் இறந்தார்கள். 2000-இல் வெளியான பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு மக்களிடம் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்றது. அதே சமயம், ஆறுதல் பிரச்சாரம் ஒரு தவறு என்றும், உண்மை வெளியானபோது மக்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள் என்றும் பதிவு செய்தது. நம்பிக்கை போனதோடு இழப்பு நிற்கவில்லை. மாட்டின் மூளை, தண்டுவடம் போன்ற உறுப்புகளை உணவில் சேர்க்கக் கூடாது என்று 1989-லேயே தடை வந்திருந்தது. ஆனால், 1995-இல் இறைச்சிக்கூடங்களில் திடீர் சோதனை நடத்தியபோது, வெட்டிய மாடுகளில் தண்டுவடத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஆபத்தே இல்லை என்று மேலிடம் சொல்லிக்கொண்டிருந்தால், கத்தி பிடிப்பவருக்கும் மேற்பார்வையாளருக்கும் அக்கறை எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும் சொன்னால் மக்கள் மிரண்டுபோவார்கள் என்று சிலர் மறுப்பார்கள். அதற்கு அவர்கள் காட்டக்கூடிய வலுவான உதாரணமும் பிரிட்டனில்தான் இருக்கிறது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று 1995 அக்டோபரில் அங்கே எச்சரிக்கை வெளியானது. பெண்கள் பலர் மாத்திரையைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடின என்பது மதிப்பீடு. ஆனால், அங்கே சொல்லப்பட்டது பாதி உண்மைதான். பழைய மாத்திரையில் சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு வந்த பாதிப்பு, புதியதில் இருவருக்கு வந்தது. அதுதான் அந்த ‘இரு மடங்கு’. கருவுற்றாலே ரத்த உறைவு ஆபத்து அதைவிட அதிகம். இந்த எண்களையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பெண்ணும் தன் மருத்துவரிடம் பேசி நிதானமாக முடிவெடுத்திருக்க முடியும். ஆக, முழு உண்மையைச் சொன்னதால் வந்த வினை அல்ல அது.

வியாபாரம் படுத்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. அது நியாயமான கவலைதான். 2020-இன் தொடக்கத்தில், கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தி ஒன்றே கோழிப் பண்ணையாளர்களை நஷ்டத்தில் தள்ளியது. ஆனால், வதந்திக்கு மருந்து தெளிவான தகவல்தான். மௌனம் அதற்குத் தீனி போடும். விவசாயிகளைக் காக்கிறோம் என்று பிரிட்டன் அரசு ஆறுதல் சொல்லிவந்தது. கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு மாட்டிறைச்சிக்குத் தடை விதித்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொன்று அழிக்கப்பட்டன. முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பெரிய இழப்பு வந்திருக்குமா?

சாதாரண மக்களுக்கு எண்கள் புரியாது என்பதையும் ஏற்க முடியாது. சீட்டுப் பணத்திலும் நகைக்கடன் வட்டியிலும் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு, ஆயிரத்தில் ஒருவர், லட்சத்தில் ஒருவர் என்பது விளங்காதா? கொரோனா காலத்தில் தமிழக அரசின் தினசரி அறிக்கையில் பரிசோதனைகளின் எண்ணிக்கையும், மாவட்டவாரியாகத் தொற்றுகளும் மரணங்களும் வந்தன. மக்கள் அவற்றைக் காத்திருந்து படித்தார்கள். 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் முன்பு கணக்கில் விடுபட்டிருந்த 444 மரணங்களையும் அரசே சேர்த்து வெளியிட்டது. அவை விடுபட்டது பெரும் குறைதான். என்றாலும், விடுபட்டதை வெளிப்படையாகச் சேர்த்தது சரியான வழி.

எனவே, நோய் குறித்த ஒவ்வொரு அறிக்கையும் நான்கு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். எத்தனை பேரில் எத்தனை பேருக்குப் பாதிப்பு? இதுவரை உறுதியானது என்ன? உறுதியாகாதது என்ன, அது பற்றிய அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும்? அதுவரை ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது என்ன? இதற்குத் தனிச் சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். பத்திரிகைகளும் ‘இரு மடங்கு’ என்று தலைப்பிடும் முன், எதிலிருந்து எதற்கு என்று கேட்க வேண்டும். நோய்த் தடுப்பு முழுக்க முழுக்க மக்களின் ஒத்துழைப்பில் நிற்கிறது. நாளைக்குத் தடுப்பூசி போடச் சொல்லும்போது மக்கள் கையை நீட்ட வேண்டுமானால், இன்றைக்கு அவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது.