கிரேக்க மூலமும் தமிழ் வாசகரும்

சிறையிலிருந்த அப்போஸ்தலர் பவுல், தம் நண்பர் பிலேமோனுக்கு, அவரை விட்டுப் பிரிந்து வந்துவிட்ட ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பி அனுப்புகையில் அவன் கையிலேயே கொடுத்தனுப்பியதாகக் கருதப்படும் கடிதம், கிரேக்க மூலத்தில் 335 சொற்களே கொண்டது. அச்சில் ஒரு பக்கம் நிரம்பினால் அதிகம். இந்தச் சிறு நிருபத்தை அதன் மூல பாஷையிலேயே படிக்கும் முயற்சியில் தமிழ் வாசகர்கள் இறங்கவேண்டும் என்பதும், கிறிஸ்தவர் அல்லாதாரும் அதில் பங்குகொள்வது முறையே என்பதும் சுங்கை பினாங்கிலிருந்து வெளிவரும் இவ்விதழின் அபிப்பிராயம்.

கிரேக்கம் நமக்கு எட்டாத அந்நிய பாஷை என்று ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. பவுல் எழுதிய அதே முதல் நூற்றாண்டில், அதே பொதுவழக்குக் கிரேக்கத்தில், எகிப்தை அறிந்த வணிகர் ஒருவர் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, முசிறித் துறைமுகத்தையும் அங்கே ஏற்றப்பட்ட மிளகையும் பற்றி விவரமாகப் பேசுகிறது. கீழ்த்திசையில் பொன்னாடு என்று அது குறிக்கும் நிலத்தை மலாய்த் தீபகற்பத்தோடு பொருத்திக் காண்போரும் உளர். முசிறிச் சரக்கின்பேரில் இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் ஏடாக இன்றும் வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. இக்கடிதம் இடம்பெறும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் ஏதோ தனித்ததொரு தேவபாஷை என்று ஒருகாலத்தில் எண்ணியிருந்தவர்களுக்கு, அது கடைத்தெருவிலும் வீட்டிலும் வழங்கிய சாதாரண ஜனங்களின் பேச்சே என்பதை, எகிப்து மணலில் கிடைத்த ரசீதுகளையும் குடும்பக் கடிதங்களையும் ஆதாரமாகக் காட்டி, ஜெர்மானிய அறிஞர் அடால்ப் டைஸ்மான் 1908இல் வெளியிட்ட நூல் தெளிவுபடுத்திற்று.

அந்த உண்மையை நேரே கண்டுகொள்ள விரும்புகிறவர் இக்கடிதத்தின் 18, 19ஆம் வசனங்களில் சற்றே தங்கவேண்டும். ஒநேசிமுவினால் நஷ்டமோ கடன்பாக்கியோ இருக்குமானால் அதைத் தம் பேரில் பற்றெழுதிக்கொள்ளும்படி பவுல் சொல்லுகிறார். சொல்லிவிட்டு, தம் பெயரைக் குறித்து, தம் கைப்பட எழுதுவதாக அறிவித்து, தாமே செலுத்துவதாக ஒப்புக்கொள்கிறார். கடன்பட்டவன் பத்திரத்தில் தன் கைச்சாத்தோடு எழுதித்தரும் வாசகத்தின் அமைப்பு இது. பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகளில் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கக்கூடியது. கையில் காசில்லாத ஒரு கைதி, ஓர் அடிமைக்காகக் கடன்சீட்டு எழுதிக் கொடுக்கிறார். கொடுத்த கையோடு, பிலேமோன் தம்மையே பவுலுக்குக் கடன்பட்டிருக்கும் பழைய கணக்கையும், சொல்லாமல் விடுவதாகச் சொல்லியே நினைவூட்டிவிடுகிறார். அன்பும் சாமர்த்தியமும் இப்படி ஒரே வாக்கியத்தில் கலந்து நிற்பதை வேறெங்கும் எளிதில் காண இயலாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கடிதத்தின் வாழ்த்தும் முடிவும் பன்மையில் பலரை நோக்கியிருக்க, நடுவிலுள்ள வேண்டுகோள் முழுதும் பிலேமோன் ஒருவரையே ஒருமையில் விளித்து நடக்கிறது. வீட்டில் கூடும் சபையார் அனைவரும் கேட்டிருக்க, ஒரு மனிதரின் மனசாட்சியோடு தனியே பேசும் இந்த ஏற்பாட்டை இன்றைய ஆங்கிலத்தில் படிப்பவர் உணர வழியில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. ஒநேசிமுவை அடிமையாக அல்ல, அடிமைக்கும் மேலான பிரிய சகோதரனாக ஏற்கும்படி கேட்கும் பவுல், அவனை விடுதலை செய் என்று வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. அந்த மௌனத்தினால் அல்லவா பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இதே கடிதத்தைத் தத்தம் பக்கத்துச் சாட்சியாக நிறுத்த முடிந்தது! ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி இக்கரை வந்தோரின் சந்ததியார் பலர் வாழும் இந்நாட்டில், எஜமானனுக்கும் ஏவலாளுக்கும் நடுவே நின்று எழுதப்பட்ட இந்நிருபத்தை, அதன் பெருமைக்காக மட்டுமன்றி அதன் தயக்கத்துக்காகவும் நாம் படித்தாகவேண்டும்.

படிக்கும் முறை நமக்குப் புதிதன்று. சொற்களுக்கிடையே இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்ட கிரேக்கப் பிரதிகள், புள்ளியும் பத்தியும் இல்லாத நம் ஓலைச்சுவடிகளுக்கு நெருங்கிய உறவினவே. இக்கடிதத்தின் வாழ்த்தில் வரும் அப்பியாள் என்னும் பெண்மணியைப் பழம்பிரதிகள் சகோதரி என்று குறிக்க, பிற்காலத்துப் பிரதிகள் பல பிரியமானவள் என்று குறிக்கின்றன. இத்தகைய பாடபேதங்களை எடைபோடும் கலையைத் தமிழுலகம் உ.வே. சாமிநாதையரிடம் கற்றிருக்கிறது. திருவாவடுதுறைச் சைவ மடத்தின் நிழலில் வளர்ந்த அப்பெரியார், ஜைன காவியமாகிய சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க நேர்ந்தபோது, கும்பகோணத்து ஜைனர்களிடம் சென்று அவர்கள் சமயமரபைக் கேட்டறிந்து, 1887இல் அதை அச்சேற்றினார். அந்தச் செயலைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை. கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் நடந்து கடக்கும் தூரத்துக்குள் நிற்கிற இந்த ஜார்ஜ்டவுனில், அயலார் வேதத்தை அவர்கள் மூலபாஷையில் மரியாதையோடு படிப்பது விசித்திரமாகத் தோன்றவே கூடாது.

வழியும் பழையதே. மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1708இல் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கியதும், 1715இல் முழுமையாக அச்சேறியதுமான புதிய ஏற்பாடே இந்திய மொழிகளில் வெளிவந்த புதிய ஏற்பாடுகளுள் முதலாவது. இருபதாம் நூற்றாண்டினரான தனிநாயகம் அடிகள் ரோமாபுரியில் மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரத்துக் குருமாரைப் பற்றி ஆராய்ந்தவர்; அக்காலத்துக்குத் தலையாய சான்று ஆயர் சிப்பிரியானின் லத்தீன் கடிதங்களே. அந்தப் பயிற்சியோடு சங்க இலக்கியத்துக்குள் புகுந்து, 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய அவரது வாழ்க்கையே, பழைய பாஷைகளைக் கற்பதால் தமிழ் எவ்வளவு லாபமடையும் என்பதற்கு அத்தாட்சி.

ஆகவே அடுத்த இதழ் முதல் இக்கடிதத்தின் கிரேக்க மூலத்தைத் தமிழ் எழுத்தில் தந்து, பதவுரையும் பாடபேதமும் சேர்த்துப் பகுதி பகுதியாக வெளியிட எண்ணியுள்ளோம். கிரேக்கம் கற்ற குருமாரும் போதகர்களும் எங்கள் பிழைகளைத் தயங்காது திருத்தி எழுதவேண்டும். சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் பகுத்தறிவு நெறியினரும் தங்கள் வினாக்களையும் ஆட்சேபங்களையும் அனுப்பவேண்டும். அவை அனைத்தும் உரையோடு சேர்த்தே அச்சிடப்படும்.