மூச்சா, எலும்பா? பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்!

நாஞ்சில் நாட்டுக்கு மழைக்காலம் இரண்டு. இரண்டிலும் உழைப்பாளி வீட்டுக் குழந்தைகளின் நெஞ்சு இழுக்கிறது. அடுப்புப் புகையும், ஈரச் சுவரும், பஞ்சுத் தூசியும், அண்டி ஆபீஸ் புகையும், சூட்டடிக் களத்துத் தூசியும் சேர்ந்து அந்த இழுப்பை வளர்க்கின்றன. இரவெல்லாம் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்த தாய், விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அன்றையக் கூலி இல்லை.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் "அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, எலும்பு உருகிவிடும், பிள்ளை வளராது" என்று நாலு பேர் சொல்கிறார்கள். இழுப்பு கொஞ்சம் தணிந்ததும் மருந்தும் நின்றுவிடுகிறது. இந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. உடம்பை நம்பிப் பிழைக்கிறவன் பிள்ளையின் எலும்பைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்பான்? கேள்வி நியாயமானது. அதற்கு நேரான பதில் வேண்டும்.

விஞ்ஞானம் கண்டது என்ன? அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுவரை உள்ள 1,041 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். புடெசோனைடு என்ற மருந்தை தினமும் 400 மைக்ரோகிராம் உறிஞ்சிய பிள்ளைகள், வளர்ந்து ஆளானபின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள் என்று 2012இல் அறிவித்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு விரற்கடைக்கும் குறைவு. அந்தக் குறைவும் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏற்படுவது. வருஷா வருஷம் கூடிக்கொண்டே போவதல்ல.

எலும்பின் கதை என்ன? அதே குழந்தைகளைப் பற்றி 2008இல் வந்த முடிவு இது: உறிஞ்சும் மருந்தால் வளரும் ஆண் பிள்ளைகளின் எலும்புச் சத்து சற்றே குறையலாம். ஆனால் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிய ஆண் பிள்ளைகளுக்கே எலும்பு பலவீனமாகும் அபாயம் கூடியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018இல் வெளியான ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. உறிஞ்சும் மருந்தால் எலும்பு முறிவு கூடவில்லை. உடம்பு முழுவதும் பரவும் ஸ்டீராய்டால் கூடியது.

காரணம் எளிது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இழுப்பு முற்றினால் பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமாவது கொடுக்க நேர்கிறது. அது இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. உறிஞ்சும் மருந்தோ 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அது நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மாத்திரையும் ஊசியும் அவசியம்தான். ஆனால் எலும்புக்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தினால் இழுப்பு முற்றுகிறது. முற்றினால் மாத்திரை வருகிறது. எதற்குப் பயந்தோமோ அதையே வீட்டுக்குள் அழைத்து வருகிறோம்! டாக்டர் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கும் இழுப்பு மாத்திரையில் அதே ஸ்டீராய்டு இருக்கலாம். உஷார்!

செய்ய வேண்டியவை சில. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது. நோய் அடங்கியபின் அளவைக் குறைக்க முடியுமா என்று அவரிடமே கேட்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். மருந்து உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசர் வாங்க வழியில்லையென்றால், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் செய்ததும் பயன்படும் என்று 1999இல் தென்னாப்பிரிக்க டாக்டர்கள் நிரூபித்தார்கள். செய்முறையை ஆஸ்பத்திரியில் கேட்டறியுங்கள். கேழ்வரகும், முள்ளோடு தின்னும் நெத்திலியும், வெயிலில் விளையாட்டும் எலும்புக்கு உரம். மூச்சு சீரான பிள்ளைதான் ஓடி விளையாடும்.

இவ்வளவும் சொன்னபின் சர்க்காரைப் பார்த்தும் ஒரு வார்த்தை. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவிகிதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நோயால் சாகிறவர்களில் 40 சதவிகிதத்துக்கு மேல் நம்மவர்கள்! மருந்து இல்லாததாலா? இல்லை. 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடெசோனைடு இருக்கிறது. பட்டியலில் இருந்தால் போதுமா? ஏழையின் கைக்கு வர வேண்டாமா? 2024 அக்டோபரில் மத்திய சர்க்காரின் விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்ச விலையை 50 சதவிகிதம் உயர்த்தியது. இழுப்புக்கான சால்புட்டமால் மாத்திரையும் அவற்றில் ஒன்று. கம்பெனிக்குக் கட்டுபடியாகவில்லை என்றார்கள். கூலிக்காரனுக்குக் கட்டுபடியாகுமா என்று யார் கேட்டார்கள்?

ஆகவே நாம் கோருவது: ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரி முதல் கடைசிக் கிராமத்து சுகாதார நிலையம் வரை, குழந்தைகளுக்கான இன்ஹேலரும் ஸ்பேசரும் தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வந்ததுபோல் இழுப்புப் பிள்ளைகளையும் தேடி வர வேண்டும். ஆலைகளிலும் அண்டி ஆபீசுகளிலும் தூசியையும் புகையையும் வெளியேற்றும் யந்திரம் வைக்க வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் கூலி, போனஸோடு இதையும் பேசுங்கள். மூச்சா, எலும்பா என்று ஏழைத் தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அநியாயம். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் கிடைக்கும்படி செய்ய முடியும்.